கணக்கை மாற்றிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் காலத்தில் பெருந்தொழில் நிறுவனங்களும் கணிப்பொறிகளும் இருந்திருக்குமாயின், "கணக்கை மாற்றிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. வீடு கட்டுவதில் பொருள் செலவாகும். கல்யாணத்தில் பொருளோடு பொறுமையும் செலவாகும். ஆயிரக்கணக்கான ஊழியர் பணிபுரியும் ஒரு நிறுவனம் தன் கணக்கு முறை முழுவதையும் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொரு மென்பொருளுக்கு மாற்றும்போதோ, இவ்விரண்டும் செலவாவதோடு, சில சமயங்களில் அந்நிறுவனத்தின் நற்பெயரும் செலவாகிவிடுகிறது.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றில் மகனோ, மகளோ, மருமகனோ கணிப்பொறித் துறையில் பணியாற்றி வருகின்றனர். "இந்த வாரம் கட்டோவர், வீட்டுக்கு வர இயலாது" என்று சொல்லி வெள்ளிக்கிழமை மாலை புறப்படும் பிள்ளைகள், திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து திரும்புவதைப் பெற்றோர் காண்கின்றனர். இரவு முழுவதும் விழித்திருந்து அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று அவர்கள் வியப்பதும் இயல்பே. மற்றொரு புறம், முப்பது ஆண்டுகள் ஒரே காரியாலயத்தில் கணக்கெழுதி, ஓய்வு பெறும் தறுவாயில் "அடுத்த மாதம் முதல் புதிய முறை" என்ற சுற்றறிக்கையைக் கண்டு மனம் கலங்குவோரும் நம்மிடையே உண்டு. இவ்விரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துக் கூற முற்படுகிறேன்.

ஒரே பேரேடு

முதலில், மாற்றப்படுவது யாது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு வாங்குவோர் கொள்முதல் ஏடு ஒன்று வைத்திருப்பர். கிடங்கில் சரக்கு இருப்பு ஏடு ஒன்று இருக்கும். கணக்குப் பகுதியில் பேரேடும், சம்பளப் பகுதியில் ஊதியப் பட்டியலும் இருக்கும். பண்டைய முறையில் இவை தனித்தனியே எழுதப்பட்டன. மாத இறுதியில் நால்வரும் கூடி உட்கார்ந்து, கிடங்கில் உள்ள பொதிக்கும் பேரேட்டில் உள்ள தொகைக்கும் பொருத்தம் பார்ப்பார்கள்.

இக்காலத்து நிறுவன மென்பொருள், இந்நான்கு ஏடுகளையும் ஒரே ஏடாகத் தைத்துவிடுகிறது. பஞ்சுப் பொதி கிடங்கு வாயிலில் நுழைந்ததும் ஒருவர் அதைப் பதிவு செய்கிறார். அக்கணமே சரக்கு இருப்பு கூடுகிறது. பஞ்சு விற்றவருக்குக் கொடுக்க வேண்டிய கடன் ஏறுகிறது. அன்றைய ஐந்தொகையும் மாறுகிறது. ஓரிடத்தில் எழுதியது எல்லா இடங்களிலும் உடனே பதிவாவதால் வேலை சுருங்குகிறது. ஆனால் ஓரிடத்தில் நேர்ந்த பிழையும் அதே வேகத்தில் எல்லா இடங்களுக்கும் பரவிவிடும் என்பதை மறத்தலாகாது.

இத்தகைய மென்பொருளை உலகெங்கும் பரப்பியவற்றுள் முதன்மையானது எஸ்.ஏ.பி. என்னும் ஜெர்மானிய நிறுவனம். ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பொறிஞர்கள் 1972-இல் அதனைத் தொடங்கினர். 1992-இல் வெளிவந்த ஆர்/3 என்னும் அவர்களது மென்பொருள், பெரிய நிறுவனங்களின் கணக்கறைகளில் எல்லாம் இடம்பிடித்தது. பின்னர் 2015-இல் எஸ்/4 ஹானா என்னும் புதிய அமைப்பு வந்தது. தகவல்களை வட்டில் வைத்துத் தேடி எடுப்பதற்குப் பதிலாக, கணிப்பொறியின் முதன்மை நினைவகத்திலேயே வைத்துக் கையாளும் முறை இதன் அடிப்படை. பழைய அமைப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027-ஆம் ஆண்டு இறுதிவரைதான் என்றும், கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்கு 2030 வரை நீட்டிக்கப்படும் என்றும் 2020-இல் அந்நிறுவனம் அறிவித்தது. குடியிருக்கும் வீட்டுக்காரர் தவணை சொல்லிவிட்டார்; புது வீடு பார்த்தாக வேண்டும் என்ற நிலையில் உலகெங்குமுள்ள நிறுவனங்கள் நிற்கின்றன. நம் பிள்ளைகள் பலர் இரவுகளில் விழித்திருப்பதற்கு இத்தவணையும் ஒரு காரணமாகும்.

பழைய தட்டுமுட்டுகள்

ஊர் விட்டு ஊர் மாறிக் குடியேறியவர்கள் நாம். ஆதலின் இம்மாற்றத்தின் முதல் இடையூறு நமக்கு எளிதில் விளங்கும். வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் பரணில் எத்தனை பொருள்கள் கிடக்கின்றன என்பது தெரியவரும். கைப்பிடி இல்லாத வாணலியும், எவருடையது என்று தெரியாத பூட்டும், பூட்டில்லாத சாவிக்கொத்தும் அப்போதுதான் வெளிப்படும். நிறுவனத்தின் பழைய ஏடுகளும் அத்தகையனவே. பத்தாண்டுகளுக்கு முன் வணிகத்தை முடித்துக்கொண்ட வாடிக்கையாளர் பெயர் இன்னும் இருக்கும். ஒரே திருகாணி மூன்று குமாஸ்தாக்களால் மூன்று பெயர்களில் பதியப்பட்டிருக்கும். புதிய எஸ்/4 ஹானாவிலோ, பொருள் வாங்குவோர், பொருள் விற்போர் என்று பழைய முறையில் இரண்டாக இருந்த ஏடுகள், "வணிகப் பங்காளர்" என்னும் ஒரே ஏடாக இணைக்கப்படுகின்றன. நம்மிடம் வாங்குபவரே நமக்கு விற்பவராகவும் இருந்தால், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை யாரேனும் சரிபார்த்தாக வேண்டும்.

நம் தமிழ்ப் பெயர்கள் இதில் படும் பாடு தனி. குலப்பெயர் என்று ஒன்று நமக்கு வழக்கத்தில் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்கிறோம். மென்பொருளோ, "முதற்பெயர், கடைசிப் பெயர்" என்று இரு கட்டங்களை வைத்துக்கொண்டு நிற்கிறது. ஆர். கோபாலன் என்பவர் ஓர் ஏட்டில் அவ்வாறே இருப்பார். மற்றோர் ஏட்டில் கோபாலன் ஆர். என்று திரும்பி நிற்பார். வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண் அட்டையில் கோபாலன் ராமசாமி என்று விரிந்திருப்பார். மூவரும் ஒருவரே என்பது அவர் மனைவிக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. ஏடுகளை இணைக்கும் நாளில் மூன்று மனிதர்களாகவே அவர் குடிபெயர்ந்து விடுவார். பின்னர் வருங்கால வைப்பு நிதி ஒரு பெயரிலும், வங்கிக் கணக்கு ஒரு பெயரிலுமாக நின்று, ஓய்வுக் காலத்தில் அவரை அலையவைக்கும். எனவே எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே வடிவில் இருக்கின்றதா என்பதை இன்றே பார்த்துக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நலம்.

எழுதப்படாத வழக்கங்கள்

பழைய ஏட்டில் உள்ளதைச் சிரமப்பட்டேனும் புதிய ஏட்டுக்குக் கொண்டுவந்து விடலாம். எந்த ஏட்டிலும் எழுதப்படாதவற்றை என் செய்வது? இதுவே இரண்டாவது இடையூறு. முதலாவதைக் காட்டிலும் பெரியது. அமெரிக்காவின் ஹெர்ஷி மிட்டாய் நிறுவனம் 1999-இல் பட்ட அல்லல் இதற்குச் சான்றாகும்.

பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த அந்நிறுவனம், 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் மூன்று வெவ்வேறு மென்பொருள்களை ஒருங்கே நிறுவ முற்பட்டது. நான்கு ஆண்டு தேவைப்படும் எனக் கருதப்பட்ட வேலையை முப்பது மாதங்களில் முடிக்கத் திட்டமிட்டனர். 1999 ஏப்ரலில் தொடங்க வேண்டியது தள்ளிப்போய் ஜூலையில் தொடங்கியது. அமெரிக்கர்கள் அக்டோபர் இறுதியில் ஹாலோவீன் என்னும் விழாவையும், அதன்பின் கிறிஸ்துமஸையும் கொண்டாடுவர். மிட்டாய் வணிகருக்கு அது நம் தீபாவளிக் காலம் போன்றது. அக்காலத்துக்கு வேண்டிய சரக்குகளைக் கடைக்காரர்கள் கேட்டு எழுதத் தொடங்கிய நேரத்தில் புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

விளைவு யாது? மிட்டாய் இருந்தது, கேட்பவரும் இருந்தனர், இரண்டையும் இணைக்க இயலவில்லை. விழாக்காலங்களில் சரக்கு பெருகும்போது, தொழிற்சாலைகளில் காலியாக உள்ள இடங்களிலும் மிட்டாய்ப் பெட்டிகளை அடுக்கி வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அவ்விடங்கள் கிடங்கு என்று எந்த ஏட்டிலும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. பணியாளருக்குத் தெரிந்திருந்தது, அதுவே பழைய முறைக்குப் போதுமாயிருந்தது. புதிய மென்பொருளின் கண்ணுக்கோ அந்தப் பெட்டிகள் புலப்படவேயில்லை. ஏறத்தாழ 10 கோடி டாலர் பெறுமான சரக்கை உரிய காலத்தில் அனுப்ப இயலாமற் போயிற்று. அக்காலாண்டில் நிறுவனத்தின் லாபம் 19 விழுக்காடு குறைந்தது.

எந்த மூலையில் எதை அடுக்குவது என்பதை அறிந்த கிடங்குப் பணியாளர் ஒருவரை அழைத்து, "ஐயா, தீபாவளி நெருக்கடியில் நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்?" என்று எவரேனும் கேட்டிருந்தால் இவ்விடர் பெருமளவு குறைந்திருக்கும். மேலாளரிடம் கேட்டால் விதிமுறை என்ன என்பதைச் சொல்வார். நடைமுறை என்ன என்பதை அறியக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். அதே ஹெர்ஷி நிறுவனம் பட்டறிவு பெற்று, 2002-இல் அம்மென்பொருளின் அடுத்த பதிப்புக்கு ஒழுங்காகச் சோதித்துப் பார்த்து மாறியபோது இத்தகைய தொல்லை நேரவில்லை.

சட்டையா, உடம்பா?

மூன்றாவது இடையூறு, எதற்கு எதைப் பொருத்துவது என்பதாகும். கடையில் தைத்து வைத்த சட்டை நம் உடம்புக்குச் சரியாக இராவிட்டால், சட்டையைப் பிரித்துத் தைக்கலாம். அல்லது வேறு சட்டை வாங்கலாம். நிறுவன மென்பொருள், உலகிலுள்ள எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாகத் தைக்கப்பட்ட சட்டை. "எங்கள் வழக்கம் வேறு" என்று ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பிரித்துத் தைக்கத் தொடங்குகிறது. எஸ்.ஏ.பி. அமைப்பில் இவ்வாறு நிறுவனங்கள் தாமே எழுதிச் சேர்க்கும் நிரல்களின் பெயர்கள், "இசட்" அல்லது "ஒய்" என்னும் எழுத்தில் தொடங்குவது மரபு. இருபது ஆண்டுகளில் இத்தகைய இசட் நிரல்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிடுவதுண்டு. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எதற்காக எழுதினார் என்பதும் அவரோடு போயிருக்கும். புதிய அமைப்புக்கு மாறும்போது அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வேண்டியது எது, வேண்டாதது எது என்று முடிவு செய்ய வேண்டும்.

பிரித்துத் தைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு ஜெர்மனியின் லீடில் என்னும் பல்பொருள் அங்காடி நிறுவனம் உதாரணம். 2011-இல் அந்நிறுவனம் தன் சரக்குக் கணக்கை எஸ்.ஏ.பி. முறைக்கு மாற்றத் தொடங்கிற்று. கிடங்கிலுள்ள சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது லீடிலின் வழக்கம். மென்பொருளின் பொது அமைப்போ விற்பனை விலையில் மதிப்பிடுவதாயிருந்தது. லீடில் தன் வழக்கத்தைக் கைவிட விரும்பவில்லை. மென்பொருளை மாற்றத் தொடங்கினர். ஒன்றை மாற்ற மற்றொன்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஏழு ஆண்டுகள் கழிந்தபின், ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவழிந்த நிலையில், 2018-இல் அம்முயற்சியையே கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினர்.

இதனால் நிறுவனங்கள் தம் வழக்கங்களை எல்லாம் மென்பொருளுக்குப் பலியிட வேண்டும் என்பது பொருளன்று. நம் நாட்டிலேயே 2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, பெரிய நிறுவனம் முதல் சிறிய கடை வரை தத்தம் கணக்கு மென்பொருளைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. சட்டம் கேட்பதை விட முடியாது. ஆனால் "எங்கள் பழைய மேலாளர் அப்படித்தான் விரும்பினார்" என்பதற்காகப் பேணப்படும் வழக்கங்களும் பல உள. எது உயிர்நாடி, எது வெறும் பழக்கம் என்று முதலாண்டிலேயே பிரித்தறிதல் நிர்வாகத்தின் கடமை. ஏழாம் ஆண்டில் அறிவது யாருக்கும் பயன்படாது.

ஒத்திகை

நாடகம் அரங்கேறுமுன் ஒத்திகை பார்ப்பது வழக்கம். நம் சங்க ஆண்டு விழாவில் அரை மணி நேர நாடகத்துக்கே இரண்டு மாதம் ஒத்திகை நடக்கிறது. மென்பொருள் மாற்றத்தில் இறுதிக் கட்டமாகிய "கட்டோவர்" என்பதும் அரங்கேற்றம் போன்றதே. வெள்ளி மாலை பழைய ஏட்டை மூடுகின்றனர். அதன் முடிவு இருப்பு, நிலுவைக் கடன், வந்து சேராத சரக்கு, வழங்காத ஊதியம் ஆகிய அனைத்தையும் புதிய ஏட்டில் ஏற்றுகின்றனர். இரு பக்கமும் ஒரு பைசா வேறுபாடின்றிப் பொருந்துகின்றனவா என்று பார்க்கின்றனர். பொருந்தினால் திங்கள் காலை கதவு திறக்கும். பொருந்தாவிடின் பழைய ஏட்டுக்கே திரும்ப வேண்டும். அந்த மூன்று இரவுகளில்தான் நம் பிள்ளைகள் விழித்திருக்கின்றனர்.

இங்கிலாந்தின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரக் கடைசியில் 52 லட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றிற்று. கணக்குகள் ஒழுங்காகவே குடிபெயர்ந்தன. ஆனால் கதவு திறந்து மக்கள் உள்ளே வரத் தொடங்கியதும் புதிய அமைப்பு பாரம் தாங்காமல் தடுமாறிற்று. 19 லட்சம் பேர் வரை தம் கணக்கையே காண இயலாமல் தவித்தனர். சிலருக்குப் பிறர் கணக்குகள் தெரிந்தன. பின்னர் நடந்த விசாரணையில், இரண்டு தகவல் மையங்கள் இணைந்து இயங்க வேண்டிய அமைப்பில், பாரம் தாங்கும் சோதனை ஒரு மையத்தில் மட்டுமே நடத்தப்பட்டது என்பது வெளிப்பட்டது. நிலைமை முற்றும் சீராக டிசம்பர் ஆயிற்று. 2022-இல் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. நாளைக் குறித்துவிட்டு அந்த நாளுக்கு ஏற்ப ஒத்திகையைச் சுருக்கினால் நேர்வது இதுவே.

கூலி கிடைக்காத கதை

மேற்கூறியவற்றில் பொருள் இழந்தவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தார். இனிக் கூறப்போவது, தவறேதும் செய்யாத ஊழியர் இழந்ததைப் பற்றியது.

கனடா நாட்டு மத்திய அரசு, தன் ஊழியர் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஊதியம் வழங்க நாற்பதாண்டுப் பழமையான முறையொன்றைக் கையாண்டு வந்தது. அதற்குப் பதிலாக 2016 பிப்ரவரியில் "பீனிக்ஸ்" என்னும் புதிய முறையைத் தொடங்கிற்று. ஆண்டுதோறும் 7 கோடி டாலர் மிச்சமாகும் என்பது எதிர்பார்ப்பு. பற்பல துறைகளிலும் ஊதியக் கணக்கில் தேர்ந்த 1,200 பேரளவில் இருந்தனர். யாருக்கு எந்தப் படி உண்டு, விடுப்பில் சென்றவருக்கு எப்படிப் பிடித்தம் செய்வது, தற்காலிகமாக மேல்பதவி வகிப்பவருக்கு எவ்வளவு கூட்டுவது என்பன அவர்களுக்கு மனப்பாடம். புதிய முறை வருகிறதென்பதால் அப்பணியிடங்கள் நீக்கப்பட்டன. நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் மிராமிச்சி என்னும் சிற்றூரில் ஒரே மையம் அமைத்து, ஏறத்தாழ 550 பேர் போதும் என்று முடிவு செய்தனர். செலவையும் காலத்தையும் சுருக்குவதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட கணக்கீட்டு வசதிகள் நீக்கப்பட்டன அல்லது ஒத்திவைக்கப்பட்டன. ஒரு துறையில் முன்னோட்டம் பார்க்கும் திட்டமும் கைவிடப்பட்டது.

பிறகு நடந்தது துயரம் நிறைந்தது. பாதிக்கு மேற்பட்ட ஊழியரின் ஊதியத்தில் ஏதேனும் ஒரு பிழை நேர்ந்தது. மாதக்கணக்கில் ஊதியமே வராதவர்கள் இருந்தனர். குறைவாக வந்தவர்கள் இருந்தனர். மிகையாக வந்துவிட்டு, பின்னர் திருப்பிக் கொடு என்று ஓலை பெற்றவர்களும் இருந்தனர். வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் கல்விச் செலவும் ஊதியத்தை எதிர்பார்த்து நிற்கும் குடும்பங்களில் இதன் வேதனை எத்தகையது என்பதை, மாதச் சம்பளத்தில் வாழும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் 2018-இல் இதனை "புரிந்துகொள்ள முடியாத தோல்வி" என்று வருணித்தார். மிச்சம் பிடிக்க எண்ணியதற்கு மாறாக 200 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. அறிந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, அறியாத இயந்திரத்தை அவர்கள் இடத்தில் அமர்த்தியதே இத்தனைக்கும் மூல காரணங்களுள் தலையாயது.

நம் நாட்டு அனுபவம்

இயந்திரத்தைக் கண்டு ஊழியர் அஞ்சுவது நம் நாட்டில் புதிதன்று. 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறி நிறுவ முற்பட்டபோது, வேலை போய்விடும் என்று ஊழியர்கள் கடுமையாக எதிர்த்து நின்றனர். வங்கிகளில் 1983-இல் ஊழியர் சங்கங்களோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே கணிப்பொறிக்கு வழி பிறந்தது. தமிழரும், பின்னாளில் ரிசர்வ் வங்கியின் கவர்னராக விளங்கியவருமான சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு, வங்கிகளில் கணிப்பொறியைப் படிப்படியாகப் புகுத்தும் முறையை 1984-இல் வகுத்துரைத்தது. மெல்ல நடந்ததால் தாமதம் ஏற்பட்டது உண்மையே. ஆனால் ஊழியரைக் கலந்துகொண்டே நடந்தது என்பதையும் நினைவு கூர்தல் வேண்டும்.

2020 ஏப்ரல் 1-ஆம் நாள் பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றாக இணைக்கப்பட்டதை நாம் அனைவரும் அறிவோம். அலகாபாத் வங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு சேர்ந்தது; சிண்டிகேட் வங்கி கனரா வங்கியில் கலந்தது. பெயர்ப்பலகை ஒரு நாளில் மாறிற்று. கணக்குகள் ஒரே அமைப்பில் சேர மாதங்கள் ஆயின. இந்தியன் வங்கியில் அவ்வேலை 2021-இன் தொடக்கத்தில்தான் நிறைவுற்றது. கிளைகளின் அடையாளக் குறியீடுகள் மாறின. பழைய காசோலைகள் ஒரு கெடுவுக்குப் பின் செல்லாதனவாயின. பழைய காசோலைப் புத்தகத்தைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்த முதியோர் பலர் வங்கிக்கு நடையாய் நடந்தனர். தனியார் நிறுவனத்தின் மாற்றமாயினும், வங்கியின் மாற்றமாயினும், அதன் சுமையில் ஒரு பகுதி இறுதியில் வந்து விழுவது நம் போன்றோர் தோளில்தான்.

அஞ்சல் துறை 2025-இல் செய்த மாற்றமும் குறிப்பிடத்தக்கது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில், வெளி நிறுவனங்கள் அமைத்துத் தந்த மென்பொருளுக்குப் பதிலாக, மைசூரில் உள்ள தன் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய மென்பொருளை அத்துறை கொண்டுவந்தது. முதலில் கர்நாடக வட்டத்தில் முன்னோட்டம் நடந்தது. அங்கே தெரிந்த குறைகளைத் திருத்தியபின் வட்டம் வட்டமாகப் பிற மாநிலங்களுக்குப் பரவி, ஆகஸ்டு 4-ஆம் நாள் நிறைவெய்தியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்க்குப் பயிற்சி அளித்தனர். மாற்றும் நாளில் பரிவர்த்தனை கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்தனர். தொடக்க நாள்களில் சில இடங்களில் வேலை மந்தப்பட்டு வரிசை நீண்டதும் உண்டு. எனினும் முன்னோட்டம், திருத்தம், பயிற்சி, அறிவிப்பு என்னும் வரிசை பின்பற்றத் தக்கதே.

செய்யத் தக்கவை

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. நிறுவனத்தின் உண்மையான கணக்கு, ஏட்டில் பாதியும் ஊழியரின் நினைவில் பாதியுமாக இருக்கிறது. ஏட்டில் உள்ள பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு புது வீடு போகும் நிறுவனம் அங்கே சமைத்துண்ண இயலாமல் தவிக்கிறது.

நிர்வாகப் பொறுப்பில் உள்ள அன்பர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். திட்டம் வகுக்கும் முதல் நாளிலேயே கிடங்கிலிருந்தும் சம்பளப் பகுதியிலிருந்தும் அனுபவம் மிக்க ஒருவரையேனும் குழுவில் சேருங்கள். அவருடைய அன்றாட வேலையை வேறொருவர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இரண்டையும் அவர் தலையில் ஏற்றாதீர்கள். பண்டிகைக் காலத்திலும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள்களிலும் மாற்றத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். புதிய முறை குறைந்தது சில மாதங்கள் பிழையின்றி நடக்கும் வரை எவரையும் அனுப்பாதீர்கள்.

இத்தொழிலில் ஈடுபட்டுள்ள இளைஞர்க்கும் ஒரு சொல். ஒரு முதிய குமாஸ்தா "இது நடவாது" என்று சொன்னால், அவர் மாற்றத்தை வெறுக்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். "ஏன் நடவாது, எப்போது நடவாமற் போயிற்று?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விதிவிலக்கு, நீங்கள் எழுதிய முந்நூறு பக்கத் திட்டத்தில் இல்லாததாக இருக்கக் கூடும். நாற்பது ஆண்டுகளில் ஒரு முறையே நேர்வதும் கணக்கில் நேர்வதே.

முதியோர்க்கும் கடமை உண்டு. தமக்கு மட்டுமே தெரிந்ததைத் தம் பாதுகாப்பாகக் கருதி மறைத்து வைப்பது சிலரிடம் காணப்படும் பழக்கம். கனடாவில் நிகழ்ந்தது போன்றவற்றைக் கேள்வியுறும்போது அவ்வச்சம் காரணமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அறிவை மறைப்பதால் வேலை நிலைப்பதில்லை. பின் வருவோர்தான் இருளில் தடவ நேரிடுகிறது. தாம் அறிந்த விதிவிலக்குகளையும் வழக்கங்களையும் ஒரு குறிப்பேட்டில் தம் பெயரிட்டு எழுதி, நிர்வாகத்திடம் முறைப்படி அளிப்பதே சிறந்த வழி. அதன் மதிப்பை உணரும் நிர்வாகம் அவரைக் கைவிடாது. உணராத நிர்வாகம் பின்னர் அவரையே தேடி வரும்.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம் என்பது என் விண்ணப்பம். இரும்பு வணிகத்திலும், துறைமுகக் கிடங்கிலும், வங்கிப் பேரேட்டிலும் ஆயுளைக் கழித்த பெரியோர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். ஒரு தொழிலின் கணக்கு உண்மையில் எவ்வாறு நடக்கிறது என்பதை அவர்கள் இளைஞர்க்கு எடுத்துரைக்கட்டும். புதிய முறையில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதை இளைஞர்கள் பெரியோர்க்குக் கற்பிக்கட்டும். செலவு ஏதும் இல்லை. மண்டபமும் காபியும் சங்கத்தில் ஏற்கெனவே உள்ளன.